நஸீரா வீட்டு நடைவழி

பெய்ரூத்தில் ராஸ் அந்நபா பகுதியில், மூன்றாவது மாடியில் நஸீராவுக்கு ஒரு நல்ல வீடு இருந்தது. மூன்று அறைகள், இரண்டு பால்கனிகள், கண்ணாடி அலமாரியும் சரவிளக்கும் வைத்த வரவேற்பறை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவள் குடியிருந்தது நடைவழியில்.

வாசற்கதவிலிருந்து குளியலறை வரை போகும் நடைவழி அது. நீளம் பதினோரு தப்படி. அகலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அங்கேதான் நின்று கையைத் தூக்கி அளவு கொடுப்பார்கள். சாப்பாடு மடியில் தட்டை வைத்துக்கொண்டு. டி.வி. செருப்பு அலமாரியின் மேல். அந்த டி.வி.யைப் பதினாலு வருடமாகப் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து அவள் கணவர் முனீஃபுக்குக் கழுத்தே இடப்பக்கம் திரும்பிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனுஷன். கடைக்கு நடந்து போகும்போது, தொலைந்துபோன யாரையோ தேடுகிற மாதிரிதான் போவார்.

ஏன் நடைவழி என்று எங்கள் ஊர்க்காரர் யாரும் கேட்கமாட்டார்கள். உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்த காலத்தில் ஊரே நடைவழியில்தான் உட்கார்ந்திருந்தது. தெருப்பக்கச் சுவர் போனாலும் உள்ளே இன்னொரு சுவர் நிற்கும். ஜன்னல் கிடையாது, கண்ணாடி கிடையாது. அதனால் அங்கேயே சமைத்தோம், சீட்டாடினோம், சண்டை போட்டோம், ஒரு பிரசவம்கூடப் பார்த்தோம். தொண்ணூறில் போர் முடிந்தது. எல்லோரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து அவரவர் அறைக்குப் போனார்கள். நஸீரா எழவில்லை.

அவளுக்குக் காரணம் இருந்தது. எண்பத்தொன்பது ஆகஸ்டில் அவளுடைய தங்கை முஃபீதா அந்த வரவேற்பறைக்குள் போனாள். அதே நிமிடம் ஒரு குண்டும் வந்தது. இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவரைக் கட்டி, கண்ணாடி போட்டு, புது சோஃபா வாங்கிப் போட்டார் முனீஃப். சோஃபாவின் மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. கிழிப்பதற்கு அதில் யாராவது உட்கார்ந்தால்தானே.

நஸீராவைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தைப்பாள். கறிக்கடைக்காரனையே அழவைக்கிற மாதிரி பேரம் பேசுவாள். ஆனால் குளிக்கும் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், குழாய் எப்போது நிற்கும் என்று யார் கண்டது. கொட்டும் மழையிலும் ஜன்னல்களை இரண்டு விரல் திறந்தே வைப்பாள், அதிர்ச்சியில் கண்ணாடி வெடிக்கக்கூடாது என்று. வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், கல்யாண வளையல் எல்லாம் ஒரு பைக்குள். அந்தப் பை அவள் தலைமாட்டில். தெருவில் ஒரு லாரி டயர் வெடித்தால் போதும், இடுப்பை வளைத்துச் சுவரோரம் குந்தி, வாயைப் பிளந்துகொள்வாள். வாய் திறந்திருந்தால் காது ஜவ்வு கிழியாது என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒருமுறை முனீஃப் அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அறையில் நோயாளி நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல். "டாக்டர், நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, நான் அங்க உக்காந்துக்கறேன்" என்றாள். மாறி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து, "உங்க முதுகுக்குப் பின்னாடி கண்ணாடி இருக்கறத பாத்துட்டே எப்படிப் பேசறது, எனக்கு உங்க மேல பாவமா இருக்கு" என்றாள். கடைசியில் இரண்டு பேரும் வெளியே நடைவழியில் நின்றுகொண்டுதான் பேசினார்கள். அங்கே காற்றோட்டமாக இருக்கிறது என்று டாக்டரே சொன்னாராம். அதற்குப் பிறகு முனீஃப் அவளை எங்கேயும் கூட்டிப்போகவில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மகள் ரிஹாபுக்கு இருபத்துநாலு வயதாயிற்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. கூட வேலை பார்த்த நிஸார் என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவனுக்கும் அப்படியே. முறைப்படி பையனின் அம்மா இப்திஹாஜ் தனியாகப் பெண் பார்க்க வந்தாள்.

இப்திஹாஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. குதிகால் உயர்ந்த செருப்பு, மூன்று வரிசை முத்துமாலை. வாயைத் திறந்தால் பாரிஸ். "போர் நடந்தப்ப நாங்கல்லாம் பாரிஸ்ல இருந்தோம். எனக்கு இந்த குண்டு, கிண்டு எதுவும் தெரியாது." இவளை நஸீரா எங்கே உட்காரவைத்தாள்? நடைவழியில், ஒரு முக்காலியில், தையல் மெஷினுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில். காப்பி குடித்து முடிப்பதற்குள் முனீஃப் இரண்டு தடவை "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கொண்டு அவளைத் தாண்டிக் குளியலறைக்குப் போய்வந்தார். பதற்றம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

மறுநாள் நிஸார் முகம் தொங்கிப்போய் வந்து ரிஹாபிடம் சொன்னான்: "அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க. 'ஹால் இருந்தும் என்னைக் கக்கூஸ் வாசல்ல உக்காரவெச்சா. கரண்ட் பில்லு கொண்டுவந்தவனா நான்? அடுத்த தடவை ஆம்பளைங்களோட வருவேன். முறையா ஹால்ல உக்காரவெச்சு, பொண்ணு தட்டுல காப்பி கொண்டுவந்து குடுத்தா ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணுவோம். இல்லன்னா அதோட முடிஞ்சது'ன்னு சொல்லிட்டாங்க."

ரிஹாப் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, ஒரே ஒரு மணி நேரம். எனக்காக."

"அவங்க ஹால்ல உக்காரட்டும். நான் இங்கருந்து பேசறேன். எனக்குத்தான் நல்ல குரல் இருக்கே."

"அம்மா!"

நஸீரா ஊசியில் நூல் கோத்தாள். கோத்து முடித்து, "சரி, பழகிப் பாப்போம்" என்றாள். அவளுக்கு மகள்மேல் உயிர்.

பழக்கினாள் ரிஹாப். வாத்தியாரம்மா இல்லையா, அட்டவணையே போட்டுவிட்டாள். முதல் நாள் வலது கால் மட்டும் வரவேற்பறைக்குள். இரண்டாம் நாள் இரண்டு காலும். நான்காம் நாள் சோஃபாவின் நுனி. சமையலறை அலாரம் டிக் டிக் என்று ஓடும். முனீஃப் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இப்திஹாஜாக நடித்தார்.

"பாரிஸ்ல சோஃபாவெல்லாம் இதைவிட மெத்துன்னு இருக்கும்" என்றார் மெல்லிய குரலில்.

"அப்ப அங்கயே போய் உக்கார வேண்டியதுதானே" என்றாள் நஸீரா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"அம்மா, அன்னைக்கு இப்படிப் பேசக்கூடாது."

"அன்னைக்கு இப்திஹாஜ் இவரு இல்லையே."

பத்தாம் நாள் பதினெட்டு நிமிடம் தாக்குப்பிடித்தாள். வியர்வையில் அவள் உடை பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டது. எழுந்தபோது சர்ரென்று சத்தம் வந்தது. மூவரும் சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று முனீஃப் நினைத்துக்கொண்டார்.

நாள் குறிக்கும் வேலை அவருடையது. எங்கள் ஊரில் அது சாமானிய வேலை இல்லை. தலைவர் யாராவது டி.வி.யில் பேசும் நாளாக இருக்கக்கூடாது. பேச ஆரம்பித்தால் அவர் ஆட்கள் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், முடித்தால் மறுபடி சுடுவார்கள். பரீட்சை முடிவு வரும் நாள் கூடாது. பாஸானவன் அப்பன் சுடுவான். கால்பந்து இறுதி ஆட்டம் கூடாது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பும் நாள் கூடவே கூடாது. முனீஃப் செய்தித்தாளை விரித்துவைத்து, கழுத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி, ஒரு வாரம் ஆராய்ந்து ஜூலையில் ஒரு வியாழக்கிழமையைக் கண்டுபிடித்தார். மாலை ஐந்து மணி. அன்றைக்கு நாட்டில் யாரும் சந்தோஷப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஊரில் யார் யார் சந்தோஷப்படுவார்கள் என்று கணக்குப் பார்த்தவர், தன் வீட்டில் ஒரு சந்தோஷம் நடக்கப்போவதை மறந்துவிட்டார்.

நிஸாருக்கு ஃபவ்ஸி என்று ஒரு சித்தப்பா. போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது ஒரு துப்பாக்கியைக் கட்டிலுக்கடியில் மறந்துவைத்தவர். "என் அண்ணன் மகன் நிச்சயம் சத்தமில்லாம நடக்கறதா?" என்று அதைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்து, கீழே கார் அருகில் நின்றுகொண்டார். ஃபாத்திஹா ஓதி முடித்ததும் நிஸார் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நிஸாரின் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டுமாம்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். இப்திஹாஜ் முத்துமாலையை நான்கு வரிசையாக்கியிருந்தாள். பக்கத்தில் நிஸார், போனைக் கைக்குட்டை மாதிரி கசக்கிக்கொண்டு. பையனின் அப்பா காலமாகிவிட்டதால் ஒரு மாமா வந்திருந்தார், காது கேட்காதவர். அவர் கொண்டுவந்த பக்லாவா இனிப்பு டப்பா நடு மேசையில் உட்கார்ந்தது. எல்லோரும் பிளாஸ்டிக் உறைமேல் அமர்ந்தார்கள். யார் அசைந்தாலும் சோஃபா கிறீச்சிட்டது.

நஸீரா நன்றாகவே நடந்துகொண்டாள். சுவரோரம் அமர்ந்து, உள்ளங்கையை முழங்காலில் அழுத்திக்கொண்டு, வெயிலைப் பற்றிப் பேசினாள். விலைவாசியைப் பற்றிப் பேசினாள். பாரிஸில் வெயில் எப்படி என்று இப்திஹாஜை அவளே கேட்டாள். முனீஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதாவது நிமிடம் இப்திஹாஜ் நிறைவாகச் சுற்றிலும் பார்த்து, "அப்ப நம்ம பொண்ணு கையால காப்பி குடிப்போமா?" என்றாள்.

எல்லாவற்றையும் பழகினார்கள், இதைப் பழகவில்லை. சமையலறையிலிருந்து ரிஹாப் வந்தாள். இன்றைக்குச் சாதாரணத் தட்டு வேண்டாம் என்று, மாவு டின்னுக்குப் பின்னால் துணி சுற்றிக் கிடந்த பழைய பித்தளைத் தட்டை எடுத்துப் பளபளவென்று தேய்த்திருந்தாள். ஓரத்தில் ஒரு நெளிவு. அதன்மேல் ஆறு பேருக்கு ஆறும், கைகாவலுக்கு ஒன்றுமாக ஏழு கோப்பைகள். நடைவழியைக் கடந்து வரவேற்பறை வாசலில் ஒரு காலை எடுத்துவைத்தாள்.

"நில்லு!" என்று கத்தினாள் நஸீரா. "உள்ள வராத! போ! வெளிய போ!"

ரிஹாப் வாசலிலேயே உறைந்து நின்றாள். கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. காது கேட்காத மாமாவுக்கே இது கேட்டது, "என்ன சொல்றாங்க?" என்று பக்கத்தில் கேட்டார்.

"பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னு சொல்றாங்க" என்று இப்திஹாஜ் எழுந்தாள். சோஃபா சர்ரென்று சத்தம் போட்டது. "வீடு தேடி வந்தவங்களைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்களா? பொண்ணு வாசல்ல வந்ததும் போன்னா என்ன அர்த்தம்? நிஸார், எந்திரி. இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"அப்படி இல்லீங்க, அவளுக்கு உடம்புக்கு..." என்று முனீஃப் ஆரம்பித்தார். நஸீரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஹாபின் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாவம் நிஸார். ரிஹாபைக் கண்டதுமே பதற்றத்தில் அவன் கட்டைவிரல் போனை அழுத்திவிட்டிருந்தது.

கீழே ஃபவ்ஸி சித்தப்பா துப்பாக்கியைத் தூக்கினார்.

முதல் ஆறு குண்டுகள் போனபோது நடந்ததை முனீஃப் பின்னாளில் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்; ஆனால் இது நிஜம். வரவேற்பறையிலிருந்து முதலில் வெளியேறியது நஸீரா இல்லை. இப்திஹாஜ். குதிகால் செருப்பு ஒன்று இங்கே, ஒன்று அங்கே. குனிந்து, தலையைத் தோளுக்குள் இழுத்து, ரிஹாபைத் தட்டோடு சேர்த்து நடைவழிக்குள் தள்ளி, ஜன்னல் நேருக்கு வராத மூலையாகப் பார்த்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்தாள்.

பாரிஸில் யாரும் அப்படி உட்காரமாட்டார்கள்.

மற்றவர்களும் பின்னாலேயே வந்து விழுந்தார்கள். நடைவழியில் ஆறு பேர், முழங்காலோடு முழங்கால். ரிஹாப் தட்டை விடவில்லை. ஒரு கோப்பையில்தான் கொஞ்சம் சிந்தியிருந்தது. நஸீராவுக்கு இங்கே வந்ததும் மூச்சு சீராகிவிட்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மேல பாத்து சுடறான்" என்றாள் அமைதியாக. "நம்ம வாசல்லதான். கைப்பழக்கம் இல்லாத ஆளு."

"என் கொழுந்தனாத்தான் இருக்கும்" என்றாள் இப்திஹாஜ், பிளந்த வாயை மூடாமலே. "அவனுக்கு எப்பவும் கை நடுங்கும்."

சத்தம் நின்றது. நிஸார் மெதுவாகக் கையைத் தூக்கி, மிஸ்டு கால் விஷயத்தை ஒப்புக்கொண்டான். அவன் அம்மா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள்; கை அப்படி நடுங்கியதால் அடி தையல் மெஷின்மேல் விழுந்தது. நஸீரா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பாரிஸ்ல எந்தப் பகுதியில இருந்தீங்க?" என்று கேட்டாள்.

இப்திஹாஜ் முறுக்கிக்கொண்டிருந்த முத்துமாலையை நேராக்கினாள். அப்புறம், "குளியல் தொட்டியில" என்றாள். "ரெண்டு வருஷம். எங்க வீட்ல நடைவழி கிடையாது. எனக்கு இன்னமும் கட்டில்ல தூக்கம் வராது. தொட்டியிலதான் தலகாணி போட்டுப் படுப்பேன்."

"முதுகுவலின்னு சொன்னியேம்மா!" என்றான் நிஸார்.

"வலிக்காம? இரும்புத் தொட்டிடா அது."

முதலில் சிரித்தது முனீஃப். பிறகு எல்லோரும். காது கேட்காத மாமாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நஸீரா அழ ஆரம்பித்தாள். ரிஹாபின் கையிலிருந்த தட்டின் நெளிவை விரலால் தடவினாள்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றாள். "முஃபீதாவை. இங்கதான், இதே இடத்துல உக்காந்திருந்தோம். கொஞ்சம் சத்தம் ஓஞ்சிருந்துச்சு. காப்பி போட்டேன். தகர டம்ளர்ல ஊத்தப் போனவகிட்ட, 'ஹால்ல இருக்கற விருந்தாளி கப்பை எடுத்துட்டு வாடி, செத்தாலும் கௌரவமா சாவோம்'னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ சிரிச்சுக்கிட்டேதான் போனா. இந்தத் தட்டோட."

பதினாலு வருடத்தில் முனீஃபுக்குக்கூடத் தெரியாத விஷயம் இது. அவர் திரும்பியிருந்த கழுத்தை இன்னும் திருப்பிச் சுவரைப் பார்த்தார். ரிஹாப் தட்டைத் தரையில் வைக்கப்போனாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இப்திஹாஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எட்டி ஒரு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். "பொண்ணு கையால காப்பி குடிச்சாச்சு. எங்க உக்காந்து குடிச்சோம்னு யாரு கேக்கப்போறா? மாமா, ஓதுங்க."

"என்ன?"

"ஃபாத்திஹா ஓதுங்க!"

ஓதினார்கள். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியில் சாய்ந்துகொண்டு ஆறு பேரும் கையேந்தி ஆமீன் சொன்னார்கள். ரிஹாப் நிஸாரைப் பார்த்தாள். நிஸார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். ஏழாவது கோப்பையைக் குடிக்க மேலே வந்த ஃபவ்ஸி சித்தப்பாவை அவர் அண்ணி வாசலிலேயே ஒரு பிடி பிடித்தாள். அதை இங்கே எழுத முடியாது.

காப்பி முடிந்ததும்தான் ஞாபகம் வந்தது: பக்லாவா உள்ளே இருந்தது. இனிப்பு இல்லாமல் நிச்சயமா? ரிஹாப் எழுந்தாள்.

"நீ இரு" என்றாள் நஸீரா. "நான் போறேன்."

காலிக் கோப்பைகளோடு அந்தப் பித்தளைத் தட்டை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டினாள். அவள் ஒவ்வொரு அடியாக வைத்து நடு மேசை வரை போய், தட்டை வைத்தாள். டப்பாவை எடுத்தாள். அங்கேயே நின்றாள். மாலை வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக அவள் முதுகில் விழுந்தது. முஃபீதா நின்ற இடம் அதுதான். கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்துவைத்திருப்பாள். அவசரப்பட்டிருக்கமாட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லையே.

"நஸீரா!" நடைவழியிலிருந்து இப்திஹாஜின் குரல் வீறிட்டது. நீங்க, வாங்க எல்லாம் காற்றில் போயிருந்தது. "அங்க என்னடி பண்ற? வெளிய வா! சீக்கிரம் வா! என்னால பாத்துட்டு இருக்க முடியல!"

நஸீரா திரும்பினாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்" என்றாள். "வந்துட்டேன், வந்துட்டேன்."

வந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் தனக்கு ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள். இப்திஹாஜ் அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் திறந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவள் வாயில் திணித்தாள்.

"ஒரு இனிப்பு எடுக்க இவ்வளவு நேரமா?" என்று திட்டினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.